சிவப்பு நூல் கட்டிய சக்கரங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கினேன். விளக்கைப் போட்டு, கூடையில் கிழங்கை நிரப்பி நிமிர்ந்ததும் இடது சுவரில் என் கணவன் வான்னெஸின் பந்தயச் சக்கரங்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. இரண்டிலும் வால்வுக்குப் பக்கத்துக் கம்பியில் நான் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

காலையில் பந்தயத்துக்குக் கிளம்பியவன் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், சக்கரம் இல்லாமல் எப்படிப் பந்தயம் ஓட்டுவான் என்று தோன்றியது. வலது சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இரண்டு ஆணிகளும் காலி.

கையில் இருந்த கூடை விழுந்தது கூட எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழங்கு உருண்டு வந்து காலில் இடித்தபோதுதான் தெரிந்தது.

பந்தயக்காரர்கள் வீட்டில் வாழாதவர்களுக்கு இதில் பதற என்ன இருக்கிறது என்று தோன்றும். சாதாரண சைக்கிள் டயர், ரிம்மின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். பந்தய டயர் அப்படியல்ல. டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்திருப்பார்கள், குடலுக்குள் இறைச்சியை அடைப்பதைப் போல. ரிம்முக்கு விளிம்பும் கிடையாது. டயரைப் பிடித்து வைத்திருப்பது பசை ஒன்றுதான். புது டயர் இறுக்கமாக இருக்கும் என்பதால், முதலில் பசை போடாமல் ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, சில வாரம் இருட்டில் தொங்கவிடுவோம். அது இழுபட்டுப் பதமான பிறகு கழற்றி, பசை பூசி ஒட்டுவோம். தொங்கும் டயருக்கும் ஒட்டிய டயருக்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. காற்றடித்தால் இரண்டும் கட்டை போலத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒட்டியவை வலது சுவர், பதமாகிறவை இடது சுவர். கல்யாணமாகி நான் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். போன செவ்வாய்க்கிழமை மழையில் வலது சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. பருத்தி டயருக்கு ஈரம் ஆகாது, நூல் நைந்துவிடும். ஒட்டியவற்றை ஈரத்தில் விட மனமில்லாமல் இடது சுவருக்கும், பதமாகிறவற்றை வலது சுவருக்கும் மாற்றி வைத்தேன். மாற்றியவள் நான். அதை வான்னெஸிடம் சொல்லாதவளும் நான்தான்.

ஏனென்றால் நாங்கள் ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

எல்லைக்கு அப்பால், பிரான்சில் இருக்கும் ஒரு அணி அவனைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதியிருந்தது. பிப்ரவரியிலிருந்து அங்கேயே தங்க வேண்டும். அந்தக் கடிதத்தை அவன் முதலில் தன் அப்பாவிடம் காட்டியிருக்கிறான். எனக்கு அந்தச் செய்தி கிடைத்த இடம் ரொட்டிக் கடை. கடைக்காரி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, இனி வீட்டில் ஒரு ஆள் குறையுமே, அரை ரொட்டி போதும் என்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து வாயை மூடியவள்தான் நான்.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அவனுக்கு அடுப்பில் சாப்பாடு இருந்தது, கொடியில் சட்டை இருந்தது. அவன் தட்டைத் தொட்டித் தண்ணீரில் விட்டெறிந்த அன்றைக்கும் நான் கீழே இறங்கி, அவனுடைய ரிம்மில் இரண்டாவது பூச்சுப் பசையை மெல்லியதாகத் தடவினேன். ஒரு நாள் காயவிட்டு மூன்றாவது பூச்சு. அப்புறம் டயரை ஏற்றி, நேராக்கி, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து, ஒட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டினேன். அந்த நூலை அவன் எப்போதும் கிண்டல் செய்வான். கன்றுக்குட்டிக்கு ரிப்பன் கட்டுகிறாயா என்பான். அதனால்தான் காலையில் அதைத் தேடிப் பார்த்திருக்க மாட்டான். கோபத்தோடு இறங்கி, வழக்கமான சுவரிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு, நண்பனின் காரில் ஏறிப் போய்விட்டான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் தோளில் தொங்கிய சக்கரங்களை நானும் பார்க்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கிறானா என்றுதான் பார்த்தேன்.

மேலே ஓடி வந்து, அன்று பந்தயம் நடந்த ஹாவர்கெம்முக்குப் போன் போட்டேன். அந்த ஊர்த் திருவிழாப் பந்தயத்துக்கு மதுக்கடையில்தான் பெயர் பதிவார்கள். கடைக்காரி அல்மா எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"கிளம்பிக் கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சும்மா," என்றாள்.

வான்னெஸை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். டயர் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"உங்க சண்டை இங்க வரைக்கும் நாறுது, லீவே. புருஷனப் பந்தயத்துலேர்ந்து கூப்பிட்டுக்க என் கடைக்குப் போன் போடாத. அப்புறம் இந்த ஊர்ப் பொண்டாட்டிங்க எல்லாம் வரிசைல நிப்பாங்க."

யாரோ பீர் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

தோட்டத்தில் என் மாமனார் ஓமெர் புறாக்கூண்டின் முன்னால் நாற்காலி போட்டு, மடியில் கடிகாரப் பெட்டியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புறாக்கள் பந்தயத்துக்காகக் காலையில் பிரான்சின் ஆர்லேயானில் விடப்பட்டிருந்தன. புறா வந்து இறங்கியதும் அதன் கால் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டால்தான் வந்த நேரம் பதிவாகும். அந்த ஞாயிறுகளில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் திட்டுவார்.

"அப்பா, வான்னெஸ் ஒட்டாத டயர மாட்டிட்டுப் போயிட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். இளமையில் அவரும் ஓட்டியவர். இடது தோள் எலும்பு இன்னும் கோணல்தான்.

"எத்தன சக்கரம்?"

"ரெண்டும்."

கடிகாரத்தைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தார். அவ்வளவுதான். கார்ச் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார்.

இருபத்திரண்டு கிலோமீட்டர். என் மடியில் ஒரு சக்கரம், பின்னிருக்கையில் ஒன்று. ஓமெர் வாழ்நாளில் அறுபதைத் தாண்டாத மனிதர். அன்று வளைவுகளில் என் தலை கண்ணாடியில் இடித்தது. ஹாவர்கெம் பந்தயப் பாதை எனக்கு மனப்பாடம். பத்துக் கிலோமீட்டர் சுற்று. தேவாலயத்தைத் தாண்டி ஒரு மேடு. உச்சியிலிருந்து நேராக இறக்கம். இறக்கத்தின் அடியில், சாராய ஆலையின் செங்கல் சுவரை ஒட்டி ஒரு திருப்பம். சைக்கிளை முழுக்கச் சாய்த்துத்தான் திரும்ப முடியும். சாய்க்கும்போது ஒட்டாத டயர் ரிம்மை விட்டுப் பக்கவாட்டில் உருளும். அப்புறம் வெறும் அலுமினியம்தான் ரோட்டில். எதிரே சுவர்.

"இப்போ எத்தனாவது சுத்துல இருப்பாங்க?" என்று கேட்டேன்.

மூன்று முடித்திருப்பார்கள் என்றார் ஓமெர். அதற்கு மேல் இருவரும் கணக்குப் போடவில்லை.

எதிரில் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் இல்லாமல் மெதுவாகத்தான் வந்தது. ஓமெர் காரை ஓரம் கட்டி அதற்கு வழிவிட்டார். அது எங்களைக் கடந்து போன பிறகும் அவர் கை கியரில் வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகு வண்டியை எடுத்தார்.

மேட்டின் பாதியில் காரை வயலோரம் விட்டோம். ஏற்றத்தில்தான் அவர்கள் மெதுவாக வருவார்கள். அங்கே தவறவிட்டால் இறக்கத்தில் பிடிக்க முடியாது. நான் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். முதலில் மூன்று பேர் வந்தார்கள். அவன் இல்லை. பிறகு பெரிய கூட்டம் வந்தது. முகங்கள் எல்லாம் சேறு. அதில் அவன் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிய அந்த இரண்டு மூச்சு நேரத்தை நான் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை.

அவன் கூட்டத்தின் வாலில் வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைத் தடுத்துக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். அல்மாவுக்குத் தோன்றியதேதான் அவனுக்கும் தோன்றியிருக்கிறது.

பக்கத்திலேயே ஓடினேன். ஒன்பது நாள் கழித்து அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது:

"சிவப்பு நூலு இங்க இருக்கு, வான்னெஸ். என் கைல."

அவன் நிற்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தான். எனக்கு மூச்சு முட்டியது. சக்கரத்தை இரண்டு கையாலும் அவன் பக்கம் நீட்டியபடியே நின்றுவிட்டேன். உச்சிக்கு முப்பது அடி இருந்தது. இருபது இருந்தது. அங்கே போய் அவன் தலை குனிந்தது. தன் முன் சக்கரத்தைப் பார்த்தான். அது ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது. ஒரு கையைத் தூக்கி ஓரத்துக்கு வந்து, உச்சியில் இருந்த மைல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி ஆளும் அவனைத் தாண்டி இறக்கத்தில் மறைந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வால்வைக் காட்டினான். நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் வால்வே பிய்ந்திருக்கும்.

நான் மண்டியிட்டு இரண்டு கட்டைவிரலாலும் டயரைப் பக்கவாட்டில் தள்ளினேன். நான் ஒட்டிய டயர் அப்படித் தள்ளினால் மயிரளவும் அசையாது. இது உருண்டது. உருண்ட இடத்தில் ரிம் பளபளவென்று தெரிந்தது. பழைய பசை ஒரு துளிகூட இல்லை. போன மாதம் நானே உட்கார்ந்து சுரண்டித் துடைத்த ரிம். என் கைக்குட்டையை வைத்துத்தான் துடைத்தேன்.

"மூணு தடவ," என்றான் வான்னெஸ். "அந்தச் சுவத்துகிட்ட மூணு தடவ திரும்பிட்டேன். கடைசித் தடவ டிக் டிக்னு ஒரு சத்தம். கல்லுனு நெனச்சேன்."

ஓமெர் இன்னொரு சக்கரத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். டயரைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"வலது சுவர்லேர்ந்துதானே எடுத்தேன்," என்றான் வான்னெஸ். என்னைக் கேட்கவில்லை. தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். கோபத்தில் நீதான் மாற்றி எடுத்தாய் என்று முடிந்திருக்கும். அவனும் நம்பியிருப்பான்.

"நாந்தான் மாத்தி வச்சேன். சுவர்ல ஈரம். செவ்வாக்கிழமையே மாத்திட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு மூணு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீ மொதல்ல பேசினா சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் முகம் வெளுத்தது. ஓமெர் வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கீழே ஆலைப் பக்கமிருந்து கூட்டத்தின் சத்தம் வந்தது. யாரோ நல்லபடியாகத் திரும்பிவிட்டதற்கான சத்தம்.

வான்னெஸ் கேட்டான். "இத எப்போ ஒட்டின?" என் கையில் இருந்த சக்கரத்தைத்தான் கேட்டான்.

"நீ தட்ட எறிஞ்ச அன்னிக்கி ரெண்டாவது பூச்சு."

அவன் மைல் கல்லின் மேல் உட்கார்ந்தான். இரண்டு கையையும் தொடைமேல் வைத்தான். சக்கரத்தை மாற்றிக்கொண்டு ஓட்டப் போகிறாயா, சுற்று பாக்கி இருக்கிறதே என்று ஓமெர் மெல்லக் கேட்டார். அவன் முதுகில் பந்தய எண் துணியைக் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். விரல் பிடிக்கவில்லை. மீதியை நான் கழற்றினேன்.

திரும்பி வரும்போது ஓமெர் பழைய வேகத்துக்கே போய்விட்டார். வீட்டில் கூண்டுப் பலகையின் மேல் நீலப் பெட்டைப் புறா ஒன்று உட்கார்ந்து, எங்களுக்காகவே காத்திருந்தது போலக் கழுத்தை நீட்டியது. வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கால் வளையம் அப்படியே இருந்தது. ஓமெர் புல்லில் கிடந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"இந்த வருஷம் மொதல் இடம் நமக்குத்தான் கெடச்சிருக்கும்," என்றார் புறாவிடம். பிறகு இரண்டு பிடி சோளம் போட்டார்.

சமையலறையில் வான்னெஸ் அந்தக் கடிதத்தை மேசையில் என் முன்னால் வைத்தான். நான் வாசித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான். போக ஆசைதான், ஆனால் உன்னிடம் கேட்காமல் பதில் எழுதவில்லை என்றான். அப்பாவிடம் காட்டியது, அவர் வேண்டாம் என்றால் உன்னிடம் சொல்லவே தேவைப்படாதே என்று நினைத்துத்தான் என்றான். எனக்கு அது சரியான காரணமாகத் தோன்றவில்லை. அதை அவனிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டான்.

"அங்க யாரு டயர் ஒட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"அணியில அதுக்குன்னு ஆள் இருக்காங்க."

"அவங்க ஒட்டினத நான் அழுத்திப் பாக்காம நீ ஏறக் கூடாது."

"அப்போ நீயும் வரணுமே."

உருளைக்கிழங்கு இன்னும் நிலவறைத் தரையில் கிடப்பது ஞாபகம் வந்து எழுந்தேன். அவனும் கூடவே இறங்கி வந்தான். நான் கிழங்குகளைப் பொறுக்கினேன். அவன் காரிலிருந்து கொண்டுவந்த சக்கரங்களை மடியில் சாய்த்து, சிவப்பு நூலில் ஆரம்பித்துக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தான். ஒரு இடமும் அசையவில்லை. முழுச் சுற்றும் முடிந்து மறுபடி நூலுக்கு வந்த பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை.