ஆரியசாலையில் நிழல் மஞ்சளான வருடம்

போன வருடம், பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பகவதிக்குப் பொங்கலிடும் மாசிப் பொங்கலையன்று, காலை பதினொன்றே கால் மணிக்கு, ஆரியசாலைத் தெருவில் நிழல்கள் மஞ்சளாகத் தொடங்கின. எல்லார் நிழலும் அல்ல. மிளகாய் மொத்த வியாபாரி அழகியநம்பி போட்டிருந்த பந்தலில் இலவச நீர்மோர் குடித்த பெண்களின் நிழல் மட்டும். டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் காலடியில் கிடந்த கறுப்பு வெளுத்து, வெந்த பருப்பின் நிறத்துக்கு வந்துவிடும். அன்றைக்குச் சின்ன மண்பானை நூற்றிருபது ரூபாய், அடுப்புக்கு மூன்று செங்கல் முப்பது, வெயில் முப்பத்தாறு டிகிரி.

காரணம் தெரிந்த ஒரே ஆள் அந்த வார்டு சுகாதார ஆய்வாளர் ஞானபாய். மோருக்கான ஐஸ் விடியற்காலையில் மீன் லாரியில், கூடைகளுக்கு நடுவே வந்து இறங்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நம்பி கெட்டவரல்ல. வாடை பொறுக்காமல் அந்தப் பாளங்களை மூன்று தரம் மஞ்சள் நீரால் கழுவி, புது வேட்டி விரித்து, சூடமும் காட்டியிருந்தார். "இப்ப சுத்தமாச்சு மேடம், கேட்டோ" என்றார். "அண்ணாச்சி, மஞ்சத்தண்ணி மேலதான ஓடும்? காய்ச்சாத தண்ணி உள்ள உறைஞ்சு கெடக்கே, அத எப்படிக் கழுவுவீங்க?" என்று ஞானபாய் கேட்டதற்கு அவர் இன்னொரு தரம் கழுவினார். அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இத்தனை கூட்டத்தில் தகராறு வேண்டாம், நாளைக்கு நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்றார்கள். நாளைக்கு அந்த ஐஸ் எங்கே இருக்கும் என்று அவர்களிடம் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நிழல் மஞ்சளானதும் ஜனங்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று அவள் நம்பியது அவளுடைய தப்பு. பகவதி எல்லாருக்கும் மஞ்சள் பூசிவிட்டாள் என்று யாரோ குரல் கொடுக்க, வரிசை தம்பானூர் ரயில் நிலையம் வரைக்கும் நீண்டது. கழக்கூட்டத்து ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கள் நிழலைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒரு நாகர்கோவில் குடும்பம் பானை சட்டியோடு இறங்கி வந்தது. ஞானபாய் மைக்கைப் பிடுங்கித் தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டம் அதை ஒழுங்குபடுத்தும் அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றது.

முதல் டம்ளரைக் குடித்தவள் நம்பியின் மனைவி சாவித்ரி. ஞானபாய்க்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஈரல் நோயில் படுத்து எழுந்தவள். இனி ஒரு மஞ்சள்காமாலையை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெட்ட தண்ணீரில் வரும் இந்தக் காமாலை வெளியே தெரிய நாலு வாரம் போல ஆகும். முதல் இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் தப்ப வழியுண்டு. மஞ்சள் நிழல்காரர்கள் அத்தனை பேருக்கும் ஊசி வேண்டும் என்று ஞானபாய் அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரு நோயாளிகூட இல்லாதபோது ஊசி எதற்கு, தவிர நிழலுக்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது என்று பதில் வந்தது. அவளே ஒரு ஊசி வாங்கிப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சாவித்ரி வீட்டுக்கு நடந்தாள். "பகவதி தந்த நெறம் ஞானம், அத ஊசி போட்டு அழிக்கச் சொல்லுகியா? சர்ச்சுக்குப் போறவளுக்கு இது புரியாது பிள்ளே" என்று ஒன்பதாம் நாள் சாவித்ரி சொன்னாள். ஞானபாய்க்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. காபி கூடக் குடிக்காமல் படியிறங்கினாள்.

நாலாவது வாரம் கண்கள் மஞ்சளாயின. அதற்குள் பெண்கள் ஊர் ஊராகப் போய்விட்டிருந்ததால் கொல்லத்தில் மூன்று பேர், நாகர்கோவிலில் ஐந்து பேர் என்று படுத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் கிணற்றைச் சந்தேகப்பட்டது. பெரும்பாலும் எல்லாரும் பிழைத்து, நிழலும் பழையபடி கறுத்தது. சாவித்ரி முப்பத்தாறாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருடம் நம்பி தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஐஸே இல்லாமல் மோர் கலக்கினார். ஒரு நிழலும் மாறவில்லை. இங்கே நிறம் வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு பெண்கள் எதிர்ப் பந்தலுக்குப் போனார்கள். அங்கே ஐஸ் சாக்குக்கு அடியில் கிடந்தது, நிழல்கள் பதினொன்றரைக்கெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஞானபாய் போன் செய்தாள். கூட்டம் கலையட்டும் என்றது அலுவலகம். ஆனால் இந்தத் தடவை ஒரு பெட்டி ஊசியும் புதுப் படிவமும் அனுப்பியிருந்தார்கள். அதில் 'நிழலின் நிறம்: கறுப்பு / மஞ்சள்' என்று ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. ஐஸுக்குக் கட்டம் இல்லை. படிவத்தைக் கிழித்துப் பொங்கல் அடுப்பில் போட்டிருப்பாள், போடவில்லை. எதிர்ப் பந்தலின் வாசலிலேயே மேசையை இழுத்துப் போட்டாள். நம்பி தன் மோர்ப் பானைகளை அப்படியே விட்டுவிட்டு வந்து, பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர், ஊர், போன் நம்பர், நிழல் மஞ்சள் என்று எழுதிக்கொண்டே போனார்.

"லக்கி டிராவா அண்ணாச்சி? என்ன பிரைஸ் கிட்டும்?" என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்.

நம்பி தலையைத் தூக்கவில்லை. "ஊசியப் போட்டுக்கோங்க. அடுத்த மாசமும் கண்ணு வெள்ளையா இருக்கும். அதாக்கும் பிரைஸ்."

அவள் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, தன் மஞ்சள் நிழல் போட்டோவில் முழுசாக விழும்படி கொஞ்சம் தள்ளி நின்று, மறு கையை ஊசிக்கு நீட்டினாள்.