விழுந்தால்தான் பிரியாணி

கணேஸ்வரன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக விழுகிறார்கள். தாத்தா ரப்பர் தோட்டத்து நாடகங்களில் பபூன். பெம்பான் தோட்டத்தில் அவர் மேடையிலிருந்து விழுந்த அதிர்ச்சியில் மறுநாள் ரப்பர் மரங்கள் பால் தரவில்லை. அப்பா வானொலி நாடக நடிகர். அவர் வானொலியில் விழுந்தால் கேட்டவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருமுறை தஞ்சோங் கிளிங் கடற்கரையில் விழுந்தார், கடல் பின்வாங்கியது. நான் சாட்சி. எனக்கும் இரண்டு மீன் கிடைத்தது.

கணேஸ்வரன் தொலைக்காட்சித் தொடர்களில் விழுந்து பெயர் வாங்கி, தொடர்கள் நின்றதும் கல்யாண மண்டபங்களில் விழுந்துகொண்டிருந்தான். விழும்போது தபேலா அடிப்பது நான். அவன் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் பிரியாணி மூடியைத் திறப்பார்கள். முன்னாலேயே திறந்தால் மேடையை யார் பார்ப்பார்கள்? அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்னொரு முறை விழுந்தால் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்ன வாரம், லூபோக் சீனா என்ற ஊரில் ஒரு கல்யாண விருந்து. மகள் நிர்மலாதேவிதான் காரோட்டி வந்தாள். குடும்பத்தில் இனி யாரும் விழக் கூடாதென்று அவளைக் கணக்கியல் படிக்க வைத்திருந்தான்.

"இன்னிக்குப் பேசியே சமாளிச்சிடுறேன் மாமா" என்றான் என்னிடம்.

மேடையேறி உள்ளதைச் சொன்னான். "முட்டி போச்சுங்க. இனிமே விழ முடியாது."

கூட்டம் சிரித்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னான். இன்னும் சிரித்தது. கையெடுத்துக் கும்பிட்டான். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பல் செட் கழன்று டம்ளரிலிருந்த ரோஜா சிராப் தண்ணியில் விழுந்தது.

"சீக்கிரம் விழுங்க லா, பசிக்குது!" என்றது ஒரு குரல்.

கேட்டரிங் கந்தசாமி மூடியில் கை வைத்தபடி நின்றார்.

"தொறந்துடுங்கண்ணே" என்றான் கணேஸ்வரன்.

"நீ விழாம எப்படி லா தொறக்கறது? பொண்ணு வீட்டுல என்னைய மொறைக்கறாங்க."

கணேஸ்வரன் முட்டியைத் தடவிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தான். நான் தபேலாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்போது நிர்மலாதேவி, "அப்பா, தண்ணி" என்று போத்தலோடு படியேறினாள். ஒன்றுமில்லாத இடத்தில் கால் தடுக்கியது. போத்தல் மேலே போனது. நான் தபேலாவின் வாரை இழுத்துக் கட்டி, சுதி பார்த்து முடிக்கும்வரை அது இறங்கவில்லை. அவள் மல்லாக்க விழுந்தபிறகே வந்து நெற்றியில் உட்கார்ந்தது. என் கை என்னைக் கேட்காமல் அடித்துவிட்டது.

மண்டபம் அதிர்ந்தது. மூடி திறந்தது. கூட்டம் பிரியாணிப் பக்கம் போனது.

கணேஸ்வரன் மெல்லக் குனிந்து அவளைத் தூக்கினான்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"நானும் எங்கப்பாகிட்ட அப்படித்தான் சொல்லுவேன்."

மணப்பெண்ணின் அத்தை தட்டோடு வந்தாள். "அடுத்த மாசம் எங்க வீட்டுல காதுகுத்து. பாப்பாவ அனுப்புவீங்களா?"

"அனுப்ப மாட்டேன்" என்றான் கணேஸ்வரன்.

அத்தை தட்டு ஆட ஆடச் சிரித்தாள்.