பெரட்டுக் களத்து முடிச்சு

தெய்வம்மாவுக்கு வயதாகிவிட்டது, நேற்றோடு தேயிலை எஸ்டேட் வேலை முடிந்தது. வீட்டிலிருந்து ஒருவர் இன்று காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு தங்கும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். எஸ்டேட் சட்டம் அது. ஃபீல்டு ஆபீசர் ராஜசேகரின் மகன் சென்னையில் படிக்கிறான். கொழுந்து கிள்ள வா என்று அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

மகள் ரேணுகாவுக்கு இன்றைக்கே ஊட்டியில் அரசு நர்ஸ் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. போகாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. ஒரு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று தெய்வம்மா மன்றாடிப் பார்த்தாள்.

"நான் என்னம்மா பண்றதுங்க? அந்த ஊட்டுக்கு கெஸியா குடும்பம் காத்துக் கெடக்குது. ரூல்ஸ நானா போட்டேன்?" என்றார் ராஜசேகர். நல்ல மனுஷன்தான். அதுதான் எரிச்சல்.

"நானே பேர் குடுத்துர்றேம்மா. ஒன்ன இந்த வயசுல எங்க கொண்டுபோய் வைக்க?" என்றாள் ரேணுகா. ஆனாலும் சான்றிதழ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் களத்துக்கு வந்தாள்.

வேலையை விடும் அம்மாதான் மகளுக்கு முதல் படங்கைக் கட்டிவிட வேண்டும், அங்கே அது வழக்கம். செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணி. தெய்வம்மாவுக்கு அவள் அம்மா கட்டியதும் இதே களத்தில்தான். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்று இல்லை. அவள் முடிச்சைப் போட்டாள்.

கீழே வளைவில் ஊட்டி பஸ் ஹாரன் அடித்தது. ரேணுகா திரும்பவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பேர் சொல்லும்மா," ராஜசேகர் நிமிர்ந்தார்.

மகளின் முகத்தைத் தெய்வம்மாவால் பார்க்க முடியவில்லை. முடிச்சை அவிழ்க்கப் போனாள். பழகிய கை போட்டது, இளகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். படங்கு தரையில் விழுந்தது.

"ஓடு புள்ள!"

"அம்மா, வீடு..."

"ஓடுன்னா ஓடு!"

ரேணுகா ஓடினாள். பஸ் நின்று மறுபடி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை தெய்வம்மா வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"எங்கம்மா போவீங்க?" ராஜசேகரின் குரல் இறங்கியிருந்தது.

"சின்னப் புள்ளையா சிலோன்லருந்து கப்பல்ல வந்து எறங்குனப்பவும் இதேதான் கேட்டாங்கய்யா."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். அவளை நேராகப் பார்க்காமல், "கெஸியா, நீ வாம்மா," என்றார்.

வரிசைக் கடைசியிலிருந்து கெஸியா வந்தாள். அவள் தோளிலும் காலேஜ் பை இருந்தது. அவள் அம்மா குனிந்து, கீழே கிடந்த படங்கை எடுத்து உதறினாள்.