நாலாயிரம் வித்தியாசம்

சம்பளம் ஏறிய மெசேஜை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இம்புட்டுத்தான்க்கா போட்டிருக்காங்க" என்று பவதாரிணி அலுத்துக்கொண்டபோது நான் ஆவி பிடிக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாயிரம். திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இருக்கும் இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அவள் நர்ஸாக வந்து ஏழு மாதம். நான் வந்து பதினொரு வருடம். எனக்குப் பதினாலாயிரம். என்ன செய்வது, நம்ம நேரம் அப்படி என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். வயிறு எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, கொண்டுபோன புளிச்சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன்.

அவள் டிப்ளமோ முடித்து முறையாகப் பதிவு செய்த நர்ஸ். நான் ஒரு வருடக் கோர்ஸ்காரி. அது தெரியாத ஆளில்லை நான். ஆனால் கைக்குழந்தைக்கு நரம்பு அகப்படாவிட்டால் "சீனிக்கா, ஒரு நிமிசம் வாங்களேன்" என்று என்னைத் தேடித்தானே ஓடி வருகிறாள்? அன்றைக்கு அவள் யூனிபார்மின் இஸ்திரி மடிப்புகூட என் கண்ணைக் குத்தியது. அவள் கொண்டை, அவள் வாட்ச், குழந்தைகளின் அம்மாக்கள் அவளை மேடம் என்பது, அதே வாயால் ஒருத்தி என்னை ஆயாம்மா என்றது, எல்லாம் சேர்ந்துகொண்டது. சிம்மக்கல்லில் லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் பாண்டியராஜனிடம் சொன்னால், "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாயத் தெறந்து கேளு" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் ஓ.பி. கூட்டம் கலைந்ததும் டாக்டர் பாலசுந்தரத்தின் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் அவர் மனைவி ராதாமணி அம்மாவும் பக்கத்தில் இருந்தார். டாக்டர் கெட்டவரில்லை. என் மகள் மீனாவுக்கு டெங்கு வந்தபோது ஒரு பைசா வாங்காமல் ஆறு நாள் வைத்துப் பார்த்தவர். அதை நினைத்தாலே வாய் அடைத்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் பவதாரிணி பேரை மட்டும் எடுக்கக் கூடாது என்று நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறும்போதே முடிவு பண்ணியிருந்தேன். எங்கே? அவள் பேர்தான் முதலில் வந்து விழுந்தது.

"பவதாரிணிக்குக் குடுக்குறத எனக்கும் குடுங்க சார்."

புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே பேச்சு அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷைக்கு மாறியது. எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியக்கூடாத எதையும் எங்கள் முன்னாலேயே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கொடுத்துவிடுங்கள், அந்தப் பெண்ணுக்குத் தொழில் பழக்கியதே இவள்தான் என்றார் ராதாமணி அம்மா. இத்தனை வருடமாக மகா கஞ்சம் என்று நான் வைதுகொண்டிருந்த மனுஷி! டாக்டர்தான் தலையை ஆட்டினார். அந்தப் பெண் ஜெர்மனி போவதற்கு அந்த ஊர் பாஷை படிக்கிறாள், பரீட்சை முடிகிறவரையாவது இருக்கட்டும் என்றுதான் அவளுக்குக் கூடப் போட்டேன், இவள் எங்கே போகப்போகிறாள், போக இடமில்லாதவளுக்கு எதற்கு என்றார். சொல்லிவிட்டு அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, சீனி. தீபாவளிக்குப் பாத்துக்கலாம்."

பதினொரு வருடம் காதில் விழுந்த பாஷை வராமல் போகுமா? ஆனால் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அன்றைக்குத்தான், எனக்குப் போக இடமில்லைதான் டாக்டர், அதற்காக நாலாயிரம் குறைப்பீர்களா என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டேன். குரல் நடுங்கியது. பாஷை நடுங்கவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ராதாமணி அம்மாவின் முகம் ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போவது எனக்குத் தெரிந்தது. மகன் விஜய்ஆனந்த் படிப்பைப் பாதியில் விட்ட சண்டை, நாத்தனாரோடு சொத்துப் பஞ்சாயத்து, எல்லாம் என்னை வைத்துக்கொண்டுதானே பேசினார்கள்.

"எப்பருந்து தெரியும்?" என்று அந்த அம்மா தமிழில் கேட்டார்.

"ஒங்க மாமியார் இருந்த காலத்துலருந்தேம்மா."

அடுத்த மாதத்திலிருந்து பதினெட்டாயிரம் என்று டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டுப் பொண்ணு என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. நான் வெளியே வந்ததும் உள்ளே நாற்காலி நகர்ந்தது, கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மாடிப்படி இறங்குவதற்குள் அது போய்விட்டது. அடி கழுதை, நீ நாலாயிரத்துக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறாய், அவள் ஒரு நாட்டுக்கே போகப்போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே பவதாரிணி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நோட்டை வைத்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அதைச் சினிமாப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கொடு என்றேன். அவள் கழற்றிக் கொடுத்தாள்.

காதுக்குள் ஒரு வெள்ளைக்காரி, நோட்டில் ராத்திரி என்று தமிழில் அர்த்தம் எழுதியிருந்த ஜெர்மன் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள். தொண்டையிலிருந்து மூச்சைக் கீறிக்கொண்டு வர வேண்டிய சொல். பவதாரிணி சொல்லிப் பார்த்தாள், கீறல் வரவில்லை. வெள்ளைக்காரி மறுபடி சொன்னாள். இவளுக்கு மறுபடியும் வரவில்லை. நான் சொன்னேன். வெள்ளைக்காரி சொன்ன மாதிரியே வந்தது.

"எப்படிக்கா?" என்றாள். கேட்டுவிட்டு இன்னும் இரண்டு தரம் முயன்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நோட்டை என் பக்கமிருந்து தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். யாரும் கேட்காமலேயே நான் அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொன்னேன், நிறுத்தி, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி.