சனிக்கிழமை வசூல்

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கணவர்தாம் எழுதினார். ‘ஒவ்வொரு சனிக்கிழமை வசூலும் முழுவதுமாகப் போரில் வீடிழந்தோருக்கான நிவாரண நிதிக்கு’ என்றிருந்தது. செய்தித்தாளில் வந்த ஒரு படத்தில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலை நெடுக நடந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்காலுடன் இருந்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பிறர் காலணிகளைப் பழுதுபார்த்து வந்தவருக்கு முகங்களுக்கு முன் கால்களே கண்ணில் பட்டன. வாரத்தில் ஆறு நாள் திறக்கும் கடையில் ஒரு நாள் வருமானம் போனால் குடி முழுகிவிடாது என்று மனைவியும் ஒப்புக்கொண்டாள்.

இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தக் கடையில் காலணியைக் கொடுக்கும்போது யாரும் பணம் தருவதில்லை. சரிசெய்ததைத் திரும்ப வாங்கும்போதுதான் தருவார்கள்.

திங்களன்று அடி மாற்றியவையும் செவ்வாயன்று தையல் போட்டவையும் அடுக்கில் ஏறி, சனிக்கிழமை வரை அங்கேயே இருக்கத் தொடங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புதன்கிழமையன்று கடையைக் கடந்தபோது, மனைவி அவருடைய செருப்பை எடுத்து நீட்டினாள்.

“இருக்கட்டும்மா, சனிக்கிழமையே வந்து வாங்கிக்கிறேன். அன்னிக்குக் குடுத்தாத்தானே அந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்குப் போய்ச் சேரும்?”

எங்களுக்கும் அந்தப் பணம் வேண்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சரி என்று தலையாட்டினாள். செருப்பு அடுக்குக்குத் திரும்பியது. தங்கள் வாடிக்கையாளர்களில் இத்தனை பேர் நல்லவர்கள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

இப்படியே போனதில் கடை வாடகை மூன்று மாதம் பாக்கி நின்றுவிட்டது. மாத இறுதி வரை பொறுப்பதாகவும் அதன்பின் வேறு பூட்டுப் போடுவதாகவும் உரிமையாளர் அமைதியாகவே சொல்லிவிட்டுப் போனார். மனைவியின் தம்பி மட்டும் வேடிக்கையாகப் பேசினான்.

“மாமா, பேப்பர்ல வர்ற அடுத்த படத்துல நம்ம காலுதான் வரப்போகுது.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் போனபின் அவள் கணவரிடம் சொன்னாள்:

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க.”

“கிழிச்சா, இத்தனை நாள் பணத்தை அமுக்கிக்கிட்டோம்னு நினைப்பாங்க.”

“நினைச்சுட்டுப் போகட்டும். கடை போனபிறகு என்ன நினைச்சா என்ன?”

அவர் கிழிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் தோல் வாங்கப் போயிருந்த நேரத்தில், அவள் கடையைத் திறக்காமல் கதவுக்கு முன் நின்றுகொண்டாள். உடம்புக்கு முடியவில்லை, திங்களன்று வாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆசிரியை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவசரமொன்றுமில்லை, அடுத்த சனிக்கிழமையே வருகிறோம் என்றார். பின்னால் நின்றவர்களும் தலையசைத்தார்கள்.

திங்களன்று காலை முதல் அவள் காத்திருந்தாள். புதிதாக இரண்டு சோடி பழுதுக்கு வந்தன. வாங்கிப்போக எவரும் வரவில்லை.

மாலையில் கணவர் வந்து, காலணித் தொழிற்சாலையில் தமக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. வாடகையை அந்தச் சம்பளத்தில் கட்டிவிடலாம்.

“தைக்கிற வேலையா?”

“பெட்டியில அடுக்குற வேலை.”

“அப்ப இதையெல்லாம் யாரு தைக்கிறது?”

அவர் அடுக்கைப் பார்த்தார். அதில் இடமே இல்லை. புதிதாக வந்த இரண்டு சோடியும் தரையில் இருந்தன. அவள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தாள்.