அண்ணனுக்கு அறுபத்தொன்று, தம்பிக்கு அறுபத்தைந்து

“அப்பா, உங்க நிஜ வயசு என்ன? இப்பவே சொல்லுங்க.”

விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா மகளுக்குத் தடை போட்டிருந்த ஒரே கேள்வி அது. கடவுள் இருக்கிறாரா என்று கேட்கலாம், மேல்வீட்டுக்காரர் பெண்டாட்டி ஏன் போய்விட்டாள் என்றுகூடக் கேட்கலாம், அப்பாவின் வயதை மட்டும் கேட்கக் கூடாது. அடுக்களையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

“அறுபத்தொண்ணு,” என்றார் அப்பா, செய்தித்தாளை இறக்காமல். “சந்தேகமா இருந்தா ஆபீஸ்ல கேட்டுக்கோ.”

“ஆபீஸைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்.”

எதிர் நாற்காலியில் சித்தப்பா, மடியில் ஒரு கடிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அறுபத்தைந்து வயது நிறைந்த ஆண்களுக்கு வயிற்று ரத்தக்குழாய் ஸ்கேன், இலவசம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம். அதை ஏதோ விருது மாதிரி தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டு வந்திருந்தார். அதே ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேனை எடுப்பவள்தான் மகள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய நாளிலிருந்து யாரையும் நிம்மதியாக இருக்கவிடாதவள் என்பது அப்பாவின் கணிப்பு.

சிக்கல் இதுதான். சித்தப்பா அப்பாவுக்கு இரண்டு வயது இளைய தம்பி. தம்பிக்குக் கடிதம் வந்துவிட்டது. அண்ணனுக்கு வர இன்னும் நாலு வருஷம் இருந்தது.

“அண்ணே, எனக்குப் பேர் வெச்ச அன்னிக்குப் பொறாமையில என் தொட்டிலைக் கவுத்தவன் நீ,” என்றார் சித்தப்பா.

“பேப்பர்ல அப்படி இல்லையேடா. பேப்பர்படி நீதான் பெரியவன். உன் கால்ல விழட்டுமா?”

“விழுந்தா எழுந்திருக்க முட்டி விடுமா?”

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் குடிநீர் வாரியத்தில் லிஃப்ட் இயக்க ஆள் எடுத்தார்கள். வயது வரம்பு இருபத்தைந்து. அப்பாவுக்கு அப்போது முப்பத்தொன்று. கூடத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்து எழுதிக் கொடுத்த சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் ஆறு வருஷம் காணாமல் போயிற்று. அன்று முதல் எட்டு மாடி ஏறி இறங்கியும் அவர் அதே இடத்தில்தான் இருந்தார், வயதில் மட்டும் ஆறு படி கீழே.

“நாப்பது வருஷமா சிகரெட் குடிக்கிறீங்க,” என்றாள் மகள். “தாத்தா கை கழுவப் போனவர், வயித்தைப் பிடிச்சிட்டு அங்கேயே போயிட்டார். அந்தக் குழாய் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு பக்கமா உப்பும். வலிக்காது. காட்டிக் கொடுக்காது. ஒருநாள் வெடிச்சிடும். வாங்க, வெளியில ஒரு சென்டர்ல எடுத்துடலாம். நான் கட்டறேன்.”

“நல்லா இருக்கற வயித்துல காசு குடுத்துக் குத்தம் கண்டுபிடிக்கணுமா? என் பேருக்கு லெட்டர் வரட்டும். வந்த அன்னிக்கே வந்து படுத்துடறேன். இது சத்தியம்.”

அவர் சத்தியம் செய்த விஷயங்களில் இது ஒன்றுதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும். காகிதத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். பயந்த மனுஷர் என்பதும் தெரியும். அந்த ஆறு வருஷத்துக்குள் அவர் ஒளிந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சித்தப்பா சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுத்தார். “பாத்துச் சொல்லு, பையனா பொண்ணா?” என்றார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய குழாய் திரையில் ஐந்தரையைத் தாண்டியது. இன்னொரு முறை அளந்தாள். ஐந்து புள்ளி எட்டு.

“ஆபரேஷன் பண்ணணும் சித்தப்பா. இந்த மாசமே.”

சித்தப்பா வயிற்றைச் சட்டையால் மூடிக்கொண்டார், அவள் பார்த்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வது போல. “வலியே இல்லையேம்மா,” என்றார்.

“இருக்காது.”

படிவத்தை நிரப்பினாள். கூடப் பிறந்த ஆண்கள்? “ஒரு அண்ணன்,” என்றார். வயது? “அறுபத்தொண்ணு.” சொல்லிவிட்டு அவரே விழித்தார். கம்ப்யூட்டர் மறுப்பு எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அறுபத்தைந்து ஆகியிருந்தால் மறுநாளே கடிதம் போகும் என்றது. ஆகாவிட்டால், ஆகும்வரை காத்திருக்கவும் என்றது.

“ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்க, ஒரே மாதிரி ஊதித் தள்ளினவங்க,” என்றாள் அவள். “அவருக்கும் இருக்கலாம்.”

அன்று மாலை சித்தப்பா தன் தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துத் தந்தார். அண்ணனின் ஒன்றாம் வகுப்புச் சான்றிதழ். பிறந்த தேதி தெளிவாக இருந்தது.

“நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே.”

“சொல்லுவேன்.”

“சரி, சொல்லித் தொலை.”

தம்பிக்கு ஆபரேஷன் என்று ராத்திரி கேட்டபோதும் அப்பா, “என் லெட்டர் வரட்டும்,” என்றுதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை அவள் அந்தச் சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அப்பா தட்டை நகர்த்திவிட்டுப் படித்தார். சிறுவயதில் தன்னை எதற்கோ அடித்த ஆளை வழியில் பார்த்தவர் மாதிரி அதைப் பார்த்தார்.

“இதைப் பிறப்புப் பதிவு ஆபீஸ்ல குடுத்தா வயசு மாறும்,” என்றாள். “மாறினதும் ஆஸ்பத்திரிக்கும் உங்க வாரியத்துக்கும் தானா தெரிஞ்சுடும்.”

“வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி,” என்றாள் அம்மா. “கேஸ் போட்டாலும் போடுவாங்க.”

“போடட்டும். உயிரோட இருக்கறவர் மேலதானே போட முடியும்.”

அப்பா காகிதத்தை விட்டுக் கையை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. “வாரியத்துல அறுபத்திரண்டு வரைக்கும்தான் வேலை. நிஜ வயசுக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே நான் ரிட்டையர் ஆயிருக்கணும். அப்போ நீ காலேஜ் ரெண்டாவது வருஷம். மிச்சப் படிப்பு எதுல ஓடிச்சுன்னு நினைக்கிறே? இந்தப் பொய்யிலதான் ஓடிச்சு. இதை நீயே போய்க் கிழிக்கப் போறியா?”

இது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லும்வரை கணக்குப் போட்டும் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய படம் சுவரில் மாட்டியிருந்தது. அதன் பக்கம் அவள் திரும்பவில்லை.

“அந்தப் படிப்புதான்பா சொல்லுது, நீங்க செத்துடுவீங்கன்னு,” என்றாள். “நான் என்ன பண்ணட்டும்? படிக்காதவ மாதிரி இருக்கட்டுமா?”

அவள் காகிதத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். நேற்று ராத்திரியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள். பதிவு அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. தடுக்க வருகிறார் என்று நினைத்தாள். வாசல்வரை வந்து நின்றார், அவ்வளவுதான்.

“லெட்டர் எத்தனை நாள்ல வரும்?”

“ஒரு வாரம்.”

“சீக்கிரம்தான்,” என்றார் அப்பா, குறை சொல்லும் குரலில்.

அவள் படியிறங்கிவிட்டாள்.