மூன்றாவது புரி

கடைக்குள் நுழையும்போது எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அந்தக் கத்தி மட்டமானதாக இருக்க வேண்டும். கையில் காசோடு சாமான் வாங்க வருகிற எவளும் இப்படி வேண்டிக்கொண்டு வந்திருக்க மாட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் துணி விரித்து அதன் மேல் கிடந்தது. மடக்கியிருக்கும்போதே என் கையளவு நீளம். விரித்தால் இரண்டு மடங்கு. அடிப்பகுதியில் ரம்பப் பல், அங்கிருந்து நுனி வரைக்கும் வழவழப்பு. விலைச் சீட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த விலை மனப்பாடம். நான்கு வருடமாக என் வீட்டுக்காரர் மாதம் ஒரு முறையாவது வீட்டில் அதைச் சொல்வார். நானும் மாதம் ஒரு முறையாவது, "இவ்ளோ பெரிய கத்தி எதுக்கு, கொள்ளையடிக்கவா போறீங்க? சின்னது செய்யாதத அது என்ன செஞ்சு கிழிச்சிடப் போகுது?" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

துறைமுகத்தில் அவருக்குக் கயிற்று வேலை. பெரிய கப்பல் கரைக்கு வரும்போது சின்னப் படகில் போய், கப்பலிலிருந்து இறக்கும் கனத்த வடத்தை வாங்கி, அதோடு கட்டியிருக்கும் மெல்லிய இழுகயிற்றைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி தொங்கும். கயிறு காலைச் சுற்றினால் யோசிக்க நேரம் இருக்காது, அறுக்க வேண்டியதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் காலைச் சுற்றியது. வடம் படகிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் போனது. இழுகயிறும் போனது, அதோடு அவரும். படகோட்டி கொக்கி போட்டு மேலே கொண்டுவந்தபோது அவர் கையில் கத்தி விரித்தபடி இருந்ததாம். இழுகயிறு மூன்று புரிகளை, மூன்று தனி இழைகளை, சேர்த்து முறுக்கிய கயிறு. இரண்டு புரியை அவர் அறுத்திருந்தார். மூன்றாவது அப்படியே இருந்தது.

அவருடைய சாமான்கள் என்று அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். கடிகாரம், பர்ஸ், அந்தச் சின்னக் கத்தி. கூடவே, கோடரியால் வெட்டி எடுத்த அந்தக் கயிற்றுத் துண்டையும் யாரோ போட்டிருந்தார்கள். அதை ஏன் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. தூக்கி எறியவும் என்னால் முடியவில்லை.

இப்போது அவருடைய வேலையை அவர் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அதே படகில் ஏற வேண்டும். எங்களோடேயே இருப்பவன், என்னை அண்ணி அண்ணி என்று சுற்றி வந்தவன். அடக்கம் முடிந்து வந்த அன்று ஒரே ஒரு முறை சொன்னான்: "அந்தப் பெரிய கத்தி இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பான்." அதற்கப்புறம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்தச் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் ஜன்னலோரம் நின்று சின்னக் கத்தியை விரிப்பார். டக் என்று சத்தம் வரும். கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்ப்பார். மழுங்கியிருந்தால், "யாரு எடுத்தது இத?" என்பார். பார்சல் பிரிக்க, அட்டைப்பெட்டி கிழிக்க என்று நான்தான் எடுத்திருப்பேன். "எனக்கென்ன தெரியும், பேய் எடுத்திருக்கும்" என்பேன். அவர் உட்கார்ந்து தீட்டி, பார்த்து, சட்டென்று மடக்கி வைப்பார்.

அவர் போன பிறகும் ஜன்னல் பக்கத்திலிருந்து அந்த டக் கேட்கிறது. பட்டப்பகலில், நான் பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது. ஜன்னல் கொக்கிதான் காற்றில் ஆடுகிறது என்று அதில் துணியைச் சுற்றிக் கட்டினேன். சத்தம் நிற்கவில்லை. விரிக்கும் சத்தம் மட்டும்தான் வரும். மடக்கும் சத்தம் வந்ததே இல்லை. பெரிய கத்தியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான், அதை வாங்கப் போகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கடைக்கு வந்தேன்.

மட்டமான கத்தி என்று தெரிந்துவிட்டால் நான் செய்தது சரி. நல்ல கத்தி என்றால் வாங்கித் தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும், என் தலையெழுத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கத்தியைக் காட்டச் சொன்னேன்.

"இதுக்கு ஒருத்தர் வருவார்மா. துறைமுகத்து ஆள். வந்து விரிச்சுப் பாப்பார், மடக்குவார், 'நாளைக்கு வாங்கிக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிடுவார். நாங்க அவருக்கு 'நாளைக்கு'ன்னே பேரு வெச்சுட்டோம். கொஞ்ச நாளா ஆளக் காணோம்."

"அவரோட வீட்டுக்காரிதான் நான்."

அவர் முகம் மலர்ந்தது. "அடடே! கடைசியில வாங்க அனுப்பிட்டாரா? நல்லா இருக்காரா?"

"இருக்கார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

அவர் கத்தியை எடுத்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. பிடியில் ஒரு இடம் மட்டும் சொரசொரப்புப் போய்ப் பளபளத்தது, கட்டைவிரல் படுகிற இடம். "அது அவரு விரல் தேச்சதுதான்" என்று கடைக்காரர் சிரித்தார். "உங்களுக்குப் புதுசு பிரிச்சுத் தர்றேன், கவலப்படாதீங்க."

என் விரலை அங்கே வைக்கவில்லை. பையிலிருந்து கயிற்றை எடுத்து மேஜை மேல் போட்டேன். "இத அறுக்குமா?"

"இதையா? வெண்ணெய் மாதிரி அறுக்கும்."

"அறுத்துக் காட்டுங்க."

கயிற்றின் ஒரு முனையை மேஜையோரம் இருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். மறு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பெரிய கத்தியை விரித்து, ரம்பப் பல்லைக் கயிற்றின் மேல் வைத்து, தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். என் கையில் இருந்த கயிறு சட்டென்று தளர்ந்து, நான் ஒரு அடி பின்னால் போனேன். மூன்று புரியும் ஒரே வெட்டில்.

"எப்படி?" என்றார், தானே செய்த கத்தி போல.

ஒரு இழுப்பு. தண்ணீருக்குள் அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு இழுப்புதான். நான்கு வருடம் கேட்டதை நான்கு வருடம் சிரித்துத் தள்ளிய என் வாயை அங்கேயே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பேக் பண்ணிடவா?"

பண்ணுங்க என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு இன்னும் ஒரு ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கத்தி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்தால், இரண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை என்று தெரிந்தால், கொஞ்சமாவது மூச்சு விடலாம். அதையும் எடுத்து வைத்தேன். "இதால ஒரு தடவ அறுங்க."

அவர் அதை விரித்தார். டக். கடைக்குள் அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஜன்னலைத் தேடினேன். அந்தக் கடையில் ஜன்னலே இல்லை.

கயிற்றின் மேல் கத்தி வழுக்கியது. அழுத்தி, முன்னும் பின்னும் இழுத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்றாவது இழுப்பில் ஒரு புரி போனது. இருபத்தி நான்காவதில் இரண்டாவது. அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவதில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விளக்குக்கு அடியில் கத்தியைப் பிடித்துப் பார்த்தார்.

"இது நல்ல கத்தி ஆச்சே" என்றார். "என் கடையில வாங்கினதுதான். இரும்பு நல்ல இரும்பு. இப்படி ஆகாதே." நகத்தால் கூரைத் தடவினார். "பாருங்க, கூர் அப்படியே மடிஞ்சு கெடக்கு. கயிறு அறுத்து இப்படி ஆகாது. யாரோ இரும்புல போட்டுச் சுரண்டியிருக்காங்க." கீல் இடுக்கிலிருந்து எதையோ ஊசியால் நோண்டி எடுத்து விரல் நுனியில் காட்டினார். "பெயின்ட். வெள்ளப் பெயின்ட்."

எங்கள் ஜன்னல் சட்டம் இரும்பு. வீட்டுக்குச் சொந்தக்காரர் வெள்ளைப் பெயின்ட் அடித்தபோது ஜன்னல் கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டன. திறந்து தருகிறேன் திறந்து தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிலும் நாளைக்குத்தான். ஒரு நாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் பொறுமை இழந்து, பெல்ட்டில் இருந்த கத்தியை எடுத்து, சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் வைத்துக் கீறினேன். கிறீச் கிறீச் என்று பல் கூசியது. ஜன்னல் திறந்தது. கத்தியைப் புடவையில் துடைத்து இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். சாயங்காலம் வந்து, "யாரு எடுத்தது இத?" என்று கேட்பார், பேய் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் அந்தக் கத்தியால் கீறியது எனக்கு நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. பெரிய கத்தியை வாங்கித் தராத குற்றத்தையே எட்டு மாதமாகத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் ஒன்றும் அறியாமல் தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டுக் கத்தியைத் தீட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி கயிற்றில் வைத்து இழுத்தார். ஒரே இழுப்பு. கயிறு இரண்டாக விழுந்தது.

"பாத்தீங்களா? பெருசு வேண்டாம்மா, இதுவே போதும். எனக்கு வியாபாரம் போனாலும் பரவால்ல, உள்ளதச் சொல்லிடறேன். அது ஒரு ஆசைக்கு வாங்கறது. கூர் இருந்தா சின்னது செய்யாதத அது ஒண்ணும் செஞ்சிடாது."

என் வார்த்தையை அப்படியே எனக்கே திருப்பிக் கொடுத்தார். நான்கு வருடமாக நான் சொன்னது சரிதான். இதைவிட நான் தப்பாகவே இருந்திருக்கலாம்.

"வீட்டுல யாரும்மா எடுத்தது இத?" என்று கேட்டுக்கொண்டே கீழே கிடந்த கயிற்றுத் துண்டைக் குனிந்து எடுத்தார். அது பழைய வெட்டு இருந்த துண்டு. இரண்டு புரி அறுந்து, ஒரு புரி மட்டும் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். தீட்டியதற்குக் காசு வாங்கவில்லை.

பெரிய கத்தியை வாங்கிவிடலாம் என்று வாசல் வரை வந்து இரண்டு முறை திரும்பினேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தம்பி என்னை மன்னித்துவிடுவான். கஞ்சத்தனம் பண்ணினாள், பாவம், இப்போது உணர்ந்துவிட்டாள் என்று ஊரும் சொல்லும். அந்தப் பழியோடு காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் பெருசு இருந்தால் போதும் என்று நம்பிக்கொண்டு அவன் படகேறுவான். கூர் பார்க்க மாட்டான். அப்படியே பார்த்தாலும், அண்ணனைப் பார்த்துப் பழகியவன், சாயங்காலம்தான் பார்ப்பான்.

வீட்டுக்குப் போனபோது அவன் புது பூட்ஸைப் போட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். சின்னக் கத்தியை அவன் முன்னால் வைத்தேன்.

"வாங்கலையா?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அது வேண்டாம். இது போதும். நல்லாத் தீட்டி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"இதாலதான அண்ணி அண்ணன்..."

"இதால இல்ல. என்னால." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன், பெயின்ட்டைச் சொன்னேன், புடவையில் துடைத்ததைச் சொன்னேன். "தெனமும் காலையில, கெளம்பறதுக்கு முன்னாடி கூர் பாரு. சாயங்காலம் பாத்து வெச்சத நம்பாத. யாருக்கும் குடுக்காத. எனக்கும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

"இனிமே எனக்கும் சேத்து சமைக்காதீங்க அண்ணி" என்றான்.

இரண்டு நாள் அவன் வெளியில்தான் சாப்பிட்டான். திங்கட்கிழமை காலையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால், ஜன்னல் பக்கத்திலிருந்து, டக் என்று கேட்டது. எட்டு மாதமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்து இந்த முறை திரும்பவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றது தம்பியின் குரல். "கூர் பாக்கறேன்."

அவன் நகத்தில் கத்தி உரசுவது கேட்டது. பிறகு மடக்கும் சத்தம். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. அழுகை வந்தது, அழுதேன். அவன் பூட்ஸ் சத்தத்தோடு நடந்து வெளியே போனான். நான் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்த சாப்பாடு மேஜை மேல் அப்படியே இருந்தது.

கை ஈரத்தோடு நின்றேன். தெருவில் அவன் நடை தேய்ந்து மறைந்தது. வீட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கத்திலிருந்து, மெதுவாக, டக்.

நான்தான் என்று இன்னொரு முறை சொன்னேன்.